வயல் தண்ணீரில் பச்சைப் பாசி: போட்ட யூரியா எங்கே போகிறது?

மன்னார்குடி பக்கத்தில் 2 ஏக்கர் குத்தகை நிலத்தில் சம்பா நடவு செய்திருக்கும் வாசகி ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்த கடிதம் இது.

'நடவு நட்டு 18 நாள் ஆகிறது. தண்ணீர் முழுக்கப் பச்சைப் பாசி. இறங்கினால் கால் வழுக்குகிறது. கொழுந்தனார், "அண்ணி, இத மருந்து போட்டு அழிச்சுட்டுதான் யூரியா வீசணும், இல்லேன்னா எல்லாத்தையும் பாசியே தின்னுடும்" என்கிறார். மாமனாரோ, "விடும்மா, பாசி கெடந்தா பூமிக்கு உரம். எங்க காலத்துல யாரு மருந்து போட்டா?" என்கிறார். கடன் சொல்லி வாங்கிய யூரியா ஒன்றரை மூட்டை திண்ணையில் கிடக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?'

இதற்கு நாலு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, அந்தப் பாசி எந்த இனம், யூரியாவை எப்போது, எப்படிப் போடுகிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் பாசியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நூல் நூலாக, ஊறிய பஞ்சு போல இளம்பச்சையாக மிதந்தால் அது சாதாரணப் பச்சைப் பாசி. தண்ணீரே பச்சைச் சாயம் கரைத்தது போல இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் கோடிக்கணக்கில் பெருகியிருக்கின்றன என்று பொருள். கரும்பச்சையாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ வழவழவென்று மண்ணோடு ஒட்டியிருந்து, காய்ந்தால் அப்பளம் போலச் சுருண்டு பெயர்ந்து வந்தால் அது நீலப்பச்சைப்பாசி. சில இடங்களில் இது நுங்கு போலக் கொழகொழவென்று உருண்டையாகவும் இருக்கும்.

பெரியவர் சொன்ன 'உரம்' இந்தக் கடைசி இனம்தான். ஒரு ஏக்கர் நிலத்துக்கு மேலே நிற்கும் காற்றில் சுமார் 30,000 டன் தழைச்சத்து இருக்கிறது. நெல்லுக்கு அதில் ஒரு கிராம்கூட நேரடியாக எட்டாது. நீலப்பச்சைப்பாசிக்கு எட்டும். அனபீனா, நாஸ்டாக் போன்ற இனங்கள் மணிமாலை மாதிரி செல் செல்லாகக் கோத்திருக்கும். ஏறக்குறைய 10 செல்லுக்கு ஒன்று தடித்த சுவர் வைத்துக்கொண்டு, ஆக்ஸிஜன் உள்ளே வராமல் கதவடைத்துக்கொண்டு, காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும். நெல் வயலின் இயற்கை வளத்துக்கு இந்தப் பாசிகளே காரணம் என்பதை இந்திய விஞ்ஞானி பி.கே.டே 1939-ல் ஆய்வு செய்து வெளியிட்டார். உரக் கடை இல்லாத காலத்தில், ஆண்டுக்காண்டு நெல்லே போட்டும் நிலம் முழுவதும் சோர்ந்துபோகாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு போகத்தில் ஏக்கருக்கு 8 முதல் 12 கிலோ வரை தழைச்சத்தை நீலப்பச்சைப்பாசி சேர்க்கும் என்று கணக்கிடப்படுகிறது. இப்போது வரும் 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அப்படியானால் பாசி தருவது ஏறக்குறைய அரை மூட்டை. இது எல்லா வயலிலும் எல்லாப் போகத்திலும் அப்படியே கிடைத்துவிடாது. வெயில், மணிச்சத்து, தண்ணீர், பாசியைத் தின்னும் சிறு பூச்சிகள் எல்லாவற்றையும் பொறுத்தது. பாசி செத்து மட்கும்போதுதான் அந்தச் சத்து பயிருக்குப் போகும் என்பதால் கொஞ்சம் இந்தப் போகத்துக்கும், மீதி அடுத்த போகத்துக்குமாகப் பிரியும். யூரியாவே வேண்டாம், பாசி போதும் என்று யாராவது மேடையில் பேசினால் அதை நம்பிக் கையை மடக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

மதியம் 2 மணிக்கு வயலில் நடப்பது

பாசி வெயிலில் சமைக்கும் உயிர். அதற்கு வேண்டிய கரியமில வாயுவைத் தண்ணீரிலிருந்தே உறிஞ்சுகிறது. கரியமில வாயு குறையக் குறையத் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். காலை 6 மணிக்கு பி.ஹெச் 7 அல்லது 7.5 இருக்கும் அதே வயல் தண்ணீர், நல்ல வெயில் நாளில் மதியம் 2 மணிக்கு 9-ஐத் தாண்டி, சில வயல்களில் 10-ஐயும் தொடும். இரவில் பாசி மூச்சு விடும்போது மறுபடி இறங்கிவிடும். பி.ஹெச் பார்க்கும் காகிதம் ஒன்றை வாங்கி காலையிலும் மதியமும் நனைத்துப் பார்த்தால் யாரும் இதைக் கண்ணால் காணலாம்.

இதில்தான் யூரியாவுக்கு ஆபத்து. தண்ணீரில் கரைந்த யூரியா ஓரிரு நாளில் அம்மோனியமாக மாறுகிறது. பி.ஹெச் 7 இருக்கும் தண்ணீரில் இந்த அம்மோனியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வாயு நிலையில் இருக்காது. பி.ஹெச் 9.2-க்கு வந்தால் பாதிக்குப் பாதி அம்மோனியா வாயுவாகிவிடும். கூடவே காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம். நட்ட இரண்டு மூன்று வாரத்துக்குள், பயிர் இன்னும் நிழல் கட்டாத நேரத்தில், நிற்கும் தண்ணீரில் வீசிய யூரியாவில் பாதி வரைக்கும் இப்படிப் பறந்துபோவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயிருக்கு மஞ்சள் மாறவில்லையே என்று மறுபடியும் கால் மூட்டை வீசுவார்கள். அதுவும் அதே வழியில் போகும்.

கொழுந்தனார் சொன்னது போலப் பாசி யூரியாவைத் தின்னத்தான் செய்கிறது. அது பெரிய நஷ்டம் இல்லை. தின்றது செத்தால் வயலுக்குத்தான் திரும்பும், கைமாற்று வாங்கியது மாதிரி. தின்னாமல் பறக்கவிடுவதுதான் திரும்பி வராத நஷ்டம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. தண்ணீரில் அம்மோனியம் தாராளமாகக் கிடைத்தால் நீலப்பச்சைப்பாசி காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கும் வேலையையே நிறுத்திவிடும். அந்தத் தடித்த சுவர்ச் செல்களை உருவாக்கவே செய்யாது. வீட்டில் சோறு ஆக்கி வைத்திருக்கும்போது யார் அடுப்பு மூட்டுவார்கள்? ஒரே தடவையில் மூட்டை மூட்டையாக வீசுகிறவர்களுக்கு யூரியாவும் போகிறது, இலவசமாக வரவேண்டியதும் வராமல் போகிறது.

பாசி மடிக்கும் இலை

பாசிக்கு 'போதும்' என்று எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்குக் கடந்த 15, 20 ஆண்டுகளில் கிடைத்திருக்கும் பதில் சுவையானது. அதில் ஒரு சின்ன வாயு வருகிறது. பெயர் நைட்ரிக் ஆக்ஸைடு. ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன், அவ்வளவுதான். நிறம் கிடையாது. உயிருள்ள செல்லுக்குள் சில நொடிகளுக்கு மேல் தங்காது.

இதன் வேலையை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். நெஞ்சு வலி வந்தால் தாத்தாவின் நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரை வைக்கிறார்களே, அது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்ஸைடை விடுவித்துத்தான் ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. ரத்த ஓட்டத்தில் இந்த வாயு தகவல் சொல்லும் தூதனாக வேலை செய்கிறது என்று கண்டதற்காக 1998-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு செடியில் உண்டா, பாசியில் உண்டா என்று தேடல் பரவியது.

குளத்திலும் ஈர மண்ணிலும் வாழும் கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசியை இதற்காக அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். அது நைட்ரேட்டை உறிஞ்சி, முதலில் நைட்ரைட்டாக மாற்றி, பிறகு அம்மோனியமாக்கிப் பயன்படுத்தும். முதல் படியைச் செய்யும் நொதி, இன்னொரு புரதத்தோடு கைகோத்தால் நைட்ரைட்டிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடைச் செய்கிறது என்று ஸ்பெயின் நாட்டு கோர்டோபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் விளக்கினார்கள். இப்படி உண்டாகும் வாயு, நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் உள்ளே இழுக்கும் வாசல்களைச் சாத்துகிறது. அம்மோனியம் அதிகமாகும்போது நைட்ரேட் வேலையை நிறுத்தச் சொல்லும் செய்தியும் இதே வாயு வழியாகப் போகிறது. பந்தியில் வயிறு நிறைந்தவர் இலையை மடிப்பது போலத்தான். மடித்த இலையில் யாரும் பரிமாற மாட்டார்கள்.

பசி வந்தாலும் இந்த வாயுவுக்கு வேலை உண்டு. தழைச்சத்து அறவே தீர்ந்துபோன நிலையில், பாசி தன்னுடைய ஒளிச்சேர்க்கை உறுப்புகளில் சிலவற்றைத் தானே கலைத்து அந்தச் சத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அந்தக் கலைப்புக்கும் நைட்ரிக் ஆக்ஸைடுதான் சைகை கொடுக்கிறது. சத்துப் பற்றாத பயிர் அடியிலையை மஞ்சளாக்கிக் குருத்துக்கு அனுப்புவதைப் பார்த்துப் பழகிய விவசாயிக்கு இது புதிதாகத் தோன்றாது.

மனித உடம்பில் இந்த வாயுவைச் செய்யத் தனியாக ஒரு நொதி இருக்கிறது. ஆயிரத்துக்கும் அதிகமான நிலத் தாவரங்களின் மரபுத் தகவலைச் சலித்துப் பார்த்தும் அதில் எதிலும் அந்த நொதி அகப்படவில்லை. நெல்லுக்கோ தென்னைக்கோ அது கிடையாது, அவை வேறு வழியில் செய்துகொள்கின்றன. ஆனால் ஆஸ்ட்ரியோகாக்கஸ் என்ற கடல் பாசியில் அது இருப்பதை 2010-ல் கண்டார்கள். அந்தப் பாசியின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். நீலப்பச்சைப்பாசி இனம் ஒன்றிலும் அதே வகை நொதி பிறகு அறியப்பட்டது. மனிதனுக்கும் கடல் பாசிக்கும் இருக்கும் ஒரு கருவி நடுவில் நிற்கும் நெல்லுக்கு இல்லாமல் போனது எப்படி என்பது தனிக் கதை.

இதில் விவசாயிக்கு நெருக்கமான ஒரு செய்தி அசோஸ்பைரில்லம். அது பாசியல்ல, பாக்டீரியா. நாற்றின் வேரை அதன் கரைசலில் நனைத்து நட்டால் பக்கவேர் அதிகம் விடும் என்பது பலர் அனுபவத்தில் கண்டது. தக்காளியில் செய்த ஆய்வில், அந்தப் பக்கவேர் தூண்டுதலில் நைட்ரிக் ஆக்ஸைடுக்குப் பங்கு உண்டு என்று 2005-ல் தெரிந்தது. நாற்றின் வேர் நனைக்கும் அந்த அரை மணி நேரம் வீண் இல்லை.

இதைப் படித்துவிட்டு, நைட்ரிக் ஆக்ஸைடு ஊக்கி என்று யாராவது பாட்டில் கொண்டுவந்தால் வாங்கிவிட வேண்டாம். ஆய்வகத்தில் இந்த வாயுவை விடுவிக்கப் பயன்படுத்தும் சோடியம் நைட்ரோபுருசைடு போன்ற பொருள், சயனைடும் வெளிவிடக்கூடிய நஞ்சு. வயலுக்கு வரக்கூடிய சரக்கல்ல அது. நைட்ரேட்டை மாற்றும் அந்த நொதிக்கும், காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கும் நொதிக்கும் மாலிப்டினம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் கட்டும் நெல் வயலில் அதைத் தனியாக வாங்கிப் போடவேண்டிய தேவை பொதுவாக வருவதில்லை.

பாசி தான் செய்த நைட்ரிக் ஆக்ஸைடைச் சில வேளைகளில் நைட்ரஸ் ஆக்ஸைடாக மாற்றி வெளியே விடுகிறது. கிளாமிடோமோனாஸ் இதைப் பகலில் ஒரு வழியிலும் இருட்டில் வேறு வழியிலும் செய்வதை 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தாலும் இது வேறு வாயு. கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. வயலிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்ஸைடில் பெரும் பங்கு மண் பாக்டீரியாவின் வேலை. யூரியா போட்டுவிட்டு வயலை வெடிப்பு விடும்வரை காயவிட்டு, பிறகு திடீரென்று தண்ணீர் கட்டினால் அது அதிகமாகும். காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் பயிர் செய்கிறவர்கள், யூரியா போட்ட அந்த வாரத்தில் மட்டும் காய்ச்சலைத் தள்ளிவைத்துக்கொள்வது நல்லது. உலகச் சூடு ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மோனியாவோ நைட்ரஸ் ஆக்ஸைடோ, போவது காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து. அரசு மானியம் போக 266 ரூபாய் 50 காசுக்கு மூட்டை கிடைக்கிறது என்பதால் இது யாருக்கும் உறைப்பதில்லை. சம்பா நேரத்தில் மூட்டைக்கு வரிசையில் நிற்கும்போதுதான் உறைக்கிறது.

அந்த ஒன்றரை மூட்டை

வாசகியின் வயலுக்கு வருவோம். மருந்து போட்டுப் பாசியை அழிக்க வேண்டாம். மயில்துத்தம் பச்சைப் பாசியோடு நீலப்பச்சைப்பாசியையும் கொல்லும், வடிகால் வழியாகக் குளத்துக்குப் போனால் மீனுக்கும் ஆகாது. மிதக்கும் பாசி படலமாகி நாற்றைச் சாய்க்கிற அளவுக்குத் திரண்டிருந்தால், வாரி வெளியே போட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் தண்ணீரை வடித்தாலே அடங்கிவிடும். பச்சைப் பாசி அளவு மீறிப் பெருகுவதற்கு, மணிச்சத்து உரத்தைத் தண்ணீர் மேல் வீசுவதும் ஒரு காரணம். டி.ஏ.பி-யோ சூப்பரோ கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

யூரியா வீசும் நாளில் வயலில் தண்ணீர் நிற்கக் கூடாது. முதல் நாளே வடித்து, சேறும் சகதியுமாக இருக்கும்போது சாயங்காலம் வீச வேண்டும். கோனோ வீடர் ஓட்டுகிறவர்கள் வீசிய கையோடு ஒரு ஓட்டு ஓட்டினால் உரம் சேற்றுக்குள் இறங்கும், பாசியும் மடங்கிப் போகும். மறுநாள் 2, 3 செ.மீ. தண்ணீர் கட்டினால் போதும். மண்ணுக்குள் இறங்கிய அம்மோனியத்தைக் களிமண் பிடித்துக்கொள்ளும், மதிய வெயிலின் காரம் அதைத் தொடாது. ஒரு பங்கு வேப்பம் பிண்ணாக்குத் தூளும் நான்கு பங்கு ஜிப்சமும் ஐந்து பங்கு யூரியாவோடு கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடுவது பழைய சிபாரிசுதான், இன்றைக்கும் பொருந்தும். வேப்பம் பிண்ணாக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. நீலப்பச்சைப்பாசியை மேயும் சின்னஞ்சிறு ஓட்டுப் பூச்சிகளை அது குறைக்கும்.

எவ்வளவு போடுவது என்பதை மூட்டை தீர்மானிக்கக் கூடாது, இலைதான் தீர்மானிக்க வேண்டும். நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், 10 பயிரில் நன்கு விரிந்த மேல் இலையை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பயிர் மேல் நம் நிழல் விழும்படி நின்று பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குப் பாதிக்கு மேற்பட்ட இலைகள் இறங்கியிருந்தால்தான் யூரியா.

பச்சைப் பாசியைக் கட்டுக்குள் வைக்க மருந்தைவிட நல்ல வழி அசோலா. நட்ட 3 முதல் 5 நாளுக்குள் ஏக்கருக்கு 100 கிலோ தூவினால், சில வாரத்தில் தண்ணீரை மூடிவிடும். அதன் இலைக் குழிக்குள்ளேயே அனபீனா குடியிருப்பதால் தழைச்சத்தும் சேரும். தண்ணீருக்குள் வெயில் இறங்காததால் மற்றப் பாசி அடங்கி, பி.ஹெச் ஏறுவதும் குறைந்து, யூரியா பறப்பதும் குறையும். களை எடுக்கும்போது மிதித்துச் சேற்றில் அமுக்கிவிட வேண்டும். இந்த வாசகிக்கு இந்தப் போகம் அதற்கான நாள் கடந்துவிட்டது. அடுத்த சம்பாவுக்கு இப்போதே ஒரு தொட்டியில் பெருக்கத் தொடங்கலாம், மாட்டுக்கும் கோழிக்கும் ஆகும்.

குறுவைக்கு நீலப்பச்சைப்பாசி நல்லது. நட்ட 10-ம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ பாசித் தூளைத் தூவி, மெல்லிய தண்ணீர் நிறுத்தினால் போதும். இதை வீட்டிலேயே வளர்க்கலாம். 2 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில் பள்ளம் எடுத்து பாலித்தீன் விரித்து, 8 முதல் 10 கிலோ சலித்த வயல் மண், 200 கிராம் சூப்பர் பாஸ்பேட் போட்டு, ஒரு சாணுக்கு மிகாமல் தண்ணீர் விட்டு, தெளிந்தபின் விதைப் பாசியைத் தூவ வேண்டும். நல்ல வெயில் படும் இடமாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் மேலே தடித்த ஆடை கட்டும். தண்ணீர் வற்றிக் காய்ந்ததும் அது ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். யூரியா தொட்ட கையால் அதில் இறங்காமல் இருந்தால் சரி.

திண்ணையில் இருக்கும் ஒன்றரை மூட்டையை ஒரே மூச்சில் வீச வேண்டாம். இலை கேட்டால் இப்போது கொஞ்சம், அதுவும் தண்ணீர் வடித்து. கதிர் உருவாகும் பருவத்தில் பயிர் தழைத்து வரிசை மூடிக்கொள்ளும். கீழே தண்ணீருக்கு வெயில் எட்டாது, பாசி தானாகவே ஒடுங்கும், மதியத்துக் காரமும் ஏறாது. பயிரும் அப்போது பெரும் பசியில் இருப்பதால் போட்ட சில நாளிலேயே இழுத்துக்கொள்ளும். மூட்டையில் பெரும்பகுதியை அந்த வாரத்துக்கு எடுத்து, ஈரம் படாமல் கட்டி வைத்துக்கொள்ளலாம்.